அது ஏற்காட்டில் கிடைத்த கேமரா அல்ல

‘ஏற்காட்டுக் காட்டில் சூனியக்காரியைத் தேடிப்போய்க் காணாமல்போன மாணவர்களின் கேமரா’ என்று சேலம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றுகிறது. பொய். அது 1999இல் வெளிவந்த ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ என்ற அமெரிக்கப் படத்தின் காட்சி, மேரிலாந்தில் எடுத்தது.

பின்னணியைப் பாருங்கள், இலையுதிர்ந்த மொட்டை மரங்கள். நம் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியும் சில்வர் ஓக்கும் அல்லவா நிற்கும்?

படம் வந்த அன்று அமெரிக்காவிலேயே பலர் இதை உண்மைச் சம்பவம் என்று நம்பினார்கள். நடிகர்களைக் ‘காணவில்லை’ என்று நோட்டீஸ் அடித்துத்தான் விளம்பரமே செய்தார்கள். தியேட்டரில் சிலர் தலைசுற்றி வாந்தி எடுத்ததும் பேயால் அல்ல, கேமரா ஆடியதால். நடித்த மூவரும் பின்னர் பேட்டி கொடுத்தார்கள்.

அப்புறம், வீடியோவோடு மலைக்கிராமத்துப் பாட்டி ஒருவரின் படத்தையும், அவர்தான் அந்தச் சூனியக்காரி என்பதுபோல அனுப்புகிறார்கள். அதை உடனே அழித்துவிடுங்கள்.