மயங்கிய ஆமையைக் கடலில் தள்ளாதீர்கள்

மயங்கிக் கரையொதுங்கிய பங்குனி ஆமையை (ஆலிவ் ரிட்லி கடலாமை) இளைஞர்கள் உடனே கடலில் தள்ளிவிட்டதை, அண்மையில் நான் படித்த ஒரு கட்டுரை பாராட்டியிருக்கிறது. நல்ல மனம்தான், ஆனால் அது ஆமையின் உயிருக்கே உலை வைத்துவிடும். ஆமை நுரையீரலால் சுவாசிக்கும் பிராணி. இழுவை வலைக்குள் மூச்சுமுட்டி, நுரையீரலில் நீர் புகுந்துவிட்டால் செத்தது போலவே கிடக்கும்; அப்படியே கடலில் தள்ளினால் மூழ்கிவிடும். அதை மல்லாத்தாமல் வயிறு தரையில் படும்படி வைத்து, பின்பகுதியை அரையடி உயர்த்தி, நிழலில் ஈரத்துணி போர்த்த வேண்டும். மூக்குத் துளைகளை மூடிவிடக் கூடாது. கண்ணோரம் மெல்லத் தொட்டு, இமை அசைகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். தெளிய 24 மணி நேரம்கூட ஆகலாம்; அதற்குள் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. அதன் பிறகும் இழுவை வலைகளில் ஆமை தப்பும் கருவியைப் பொருத்தத் தயங்குவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.