கேம்களிடம் வாங்க வேண்டியதை விட்டுவிட்டோம்

"தளத்தைக் கொஞ்சம் கேம் மாதிரி பண்ணித் தாங்க" என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் உண்டு. விரித்துச் சொல்லச் சொன்னால் வருவது பெரும்பாலும் நான்குதான்: புள்ளி, பேட்ஜ், லீடர்போர்டு, தினமும் வந்தால் ஏறும் ஸ்ட்ரீக். தளம் கட்டுகிற ஆளாகவும் கேம் ஆடுகிற ஆளாகவும் இதை நான் எதிர்க்கிறேன். ஒரு நல்ல கேமை விடாமல் ஆட வைப்பது மூலையில் ஏறும் எண் இல்லை. கை சொன்னது அழுத்திய கணமே திரையில் நடக்கிறது. நூலிழையில் தவறினால் கேம் விட்டுக்கொடுக்கிறது. பாதியில் அணைத்தாலும் விட்ட இடம் அப்படியே இருக்கிறது. நாம் எடுத்துக்கொள்ளாமல் விட்டது இந்த மூன்றையும்தான்.

எண் என்ன செய்யும் என்பதற்குக் கண்ணெதிரே சாட்சி இருக்கிறது. டெவலப்பர்கள் நிரலைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தின் சுயவிவரப் பக்கத்தில் 2016 மே மாதம் வரை ஸ்ட்ரீக் கணக்கு ஒன்று இருந்தது. அதை எடுத்த பிறகு டெவலப்பர்களின் நடத்தை எப்படி மாறியது என்று ஆராய்ந்தார்கள். நீண்ட ஸ்ட்ரீக்குகளைப் பலர் கைவிட்டிருந்தார்கள், வார இறுதி வேலை குறைந்திருந்தது, ஒரே ஒரு பங்களிப்போடு முடியும் நாட்களும் குறைந்திருந்தன. அதாவது அந்தக் கணக்கு பெருக்கியது நாட்களைத்தான், நல்ல நிரலை அல்ல. ஓப்பன் சோர்ஸ் பங்களிப்பை ஊக்குவிக்க அக்டோபரில் நடக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் இன்னும் தெளிவான உதாரணம். 2020 அக்டோபரில் நான்கு புல் ரிக்வெஸ்ட் (நிரலில் மாற்றம் சேர்க்கக் கோரிக்கை) அனுப்பினால் டி-ஷர்ட் என்று இருந்தது. திட்டத்தின் அறிமுகமான ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லைச் செருகி அனுப்பும் குப்பை, ஓப்பன் சோர்ஸ் திட்டங்களைப் பராமரிப்பவர்கள் மேல் கொட்டியது. மாதம் பிறந்த சில நாட்களிலேயே, தாமாக முன்வந்து சேர்ந்த திட்டங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

இனி எடுத்துக்கொள்ள வேண்டியவை. முதலில் விட்டுக்கொடுத்தல்.

2018இல் வந்த செலஸ்ட் கேமில், மேடையின் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றுக்குப் போன பிறகும் சுமார் 0.1 நொடி வரை குதிக்க முடியும். கேம் உருவாக்குபவர்கள் இதைக் கொயோட்டி டைம் என்பார்கள். இதற்கு மறுபக்கம் ஜம்ப் பஃபர்: தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே குதி பட்டனை அழுத்திவிட்டால், அந்த அழுத்தத்தை நினைவில் வைத்து, தொட்ட கணத்தில் குதிக்க வைக்கும். ஆட்டக்காரருக்கு இது தெரியவே தெரியாது. "கேம் கைக்கு நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்வார்.

வலைத்தளத்தில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. மவுஸை வைத்தால் விரியும் மெனுவில், உள்மெனுவை நோக்கிக் குறுக்காகப் போகும்போது பக்கத்து வரியை உரசினால் போதும், மெனு மூடிக்கொள்ளும். 200 முதல் 300 மில்லிநொடி பொறுத்து மூடினாலே பெரும்பாலான புகார் தீர்ந்துவிடும். இன்னும் சரியாக வேண்டுமென்றால், மவுஸ் முனைக்கும் உள்மெனுவின் அருகிலுள்ள இரு மூலைகளுக்கும் இடையே ஒரு முக்கோணத்தைக் கணக்கிட்டு, அதற்குள் நகரும்வரை திறந்தே வைக்கலாம். தொடுதிரையில் இதெல்லாம் கிடையாது, அங்கே தட்டினால் திறக்க வேண்டும்.

ஓடிபி கட்டம் இன்னும் மோசம். அதிகபட்ச நீளம் 6 என்று கட்டிவைத்திருப்பார்கள். பயனர் "123 456" என்று இடைவெளியோடு நகலெடுத்து ஒட்டுவார். இடைவெளியும் ஓர் எழுத்தாகக் கணக்கில் சேர்வதால் கடைசி எண்ணான 6 வெட்டுப்படும், "தவறான எண்" என்று சிவப்பில் வரும். நீள வரம்பை எடுத்துவிட்டு, வந்ததில் எண்ணல்லாத எல்லாவற்றையும் நிரலில் நீக்குங்கள். தொலைபேசி எண்ணுக்கும் கார்டு எண்ணுக்கும் இதே வழிதான். இந்தக் கட்டங்களுக்கு நம்பர் வகை இன்புட் வேண்டாம். மவுஸ் சக்கரம் உருண்டால் மதிப்பு மாறக்கூடும், எண்ணாக மாற்றும் இடத்தில் முன்னால் உள்ள பூச்சியம் போய்விடும். சாதாரண டெக்ஸ்ட் இன்புட், எண் விசைப்பலகை வர இன்புட்மோடில் நியூமெரிக், அவ்வளவு போதும்.

ஜம்ப் பஃபருக்கு நிகரான சிக்கலைத்தான் நான் மிகப் பெரியதாக நினைக்கிறேன். சர்வரிலிருந்து பக்கம் முழுதாக வந்து திரையில் நிற்கும், பட்டனும் தெரியும். ஆனால் அதை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும். அந்த இடைவெளியில் அழுத்தியது எங்கும் போகாது. வேகமான லேப்டாப்பில் இது அரை நொடி, மலிவு போனில் பல நொடிகள். தீர்வு பழையதுதான்: இணைப்பு என்றால் எச்டிஎம்எல்லின் உண்மையான இணைப்புக் குறியான ஏ டேகும் முகவரியும், அனுப்புதல் என்றால் உண்மையான ஃபார்மும் ஆக்‌ஷனும். ஸ்கிரிப்ட் வந்து சேர்ந்தால் அனுபவம் மேம்படட்டும், வராவிட்டாலும் பிரவுசரே வேலையை முடித்துவிடும். டிவ் என்ற வெற்றுப் பெட்டியை பட்டன் போல வரைந்து, அழுத்தினால் இயங்கும் க்ளிக் ஹேண்ட்லர் நிரலை ஒட்டுகிற பழக்கத்தை விட்டாலே பாதிச் சிக்கல் போகும்.

இருமுறை அழுத்துவதும் இதன் தொடர்ச்சி. பட்டனை முடக்குவதோடு நின்றுவிடுகிறார்கள். முதல் கோரிக்கை சர்வரைச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்தால்? பயனர் மறுபடி அழுத்துவார், ஆர்டர் இரண்டாகும். ஃபார்ம் திறக்கும்போதே ஒரு தனித்த அடையாளத்தை உருவாக்கிக் கோரிக்கையோடு அனுப்புங்கள். அதே அடையாளம் இரண்டாம் முறை வந்தால், சர்வர் புதிதாக எதுவும் செய்யாமல் முதல் விடையையே திருப்பித் தர வேண்டும்.

அடுத்தது உடனடி மறுமொழி. நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. கேம் நிரல் எழுதுபவர் அதற்குள் இயக்கம், மோதல், வரைதல் எல்லாவற்றையும் முடிக்கிறார். வலைக்கு அளவுகோல் அவ்வளவு கடுமையானதல்ல. தளத்தின் பயனர் அனுபவத்தை அளக்கும் கூகுளின் கோர் வெப் வைட்டல்ஸில் 2024 மார்ச்சில் எஃப்ஐடியை எடுத்துவிட்டு ஐஎன்பியைக் கொண்டுவந்தார்கள். முன்னது முதல் அழுத்தம் எவ்வளவு நேரம் வரிசையில் நின்றது என்பதை மட்டும் அளந்தது. ஐஎன்பி, வருகை முழுவதிலும் நடக்கும் அழுத்தங்களைப் பார்க்கிறது. அழுத்தியதிலிருந்து திரை மாறும் வரையான முழு நேரமும் கணக்கில் வரும். 200 மில்லிநொடிக்குள் இருந்தால் நன்று, 500ஐத் தாண்டினால் மோசம். ஒரு கேமில் 200 மில்லிநொடி தாமதத்தை எந்த ஆட்டக்காரரும் பொறுக்க மாட்டார். நமக்கு அதுவே தேர்ச்சி மதிப்பெண், அதையும் பல தளங்கள் எட்டுவதில்லை.

பெரும்பாலும் காரணம் வேலைகளை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதுதான். தேடல் கட்டத்தில் ஓர் எழுத்து அடித்ததும், ஆயிரக்கணக்கான வரிகளை வடிகட்டிவிட்டுப் பிறகே அந்த எழுத்தைத் திரைக்கு விடுவார்கள். முதலில் கண்ணுக்குத் தெரிய வேண்டியதைக் காட்டுங்கள், கனமான வேலையை அடுத்த ஃபிரேமுக்குப் பிறகு தொடங்குங்கள். 50 மில்லிநொடியைத் தாண்டும் எதையும் துண்டு துண்டாக்கி இடையிடையே பிரவுசருக்கு வழிவிடுங்கள். ஒரு லூப்புக்குள் உயரத்தை மாற்றுவதும் உடனே அளப்பதும் மாறி மாறி வந்தால், ஒவ்வொரு சுற்றிலும் பிரவுசர் பக்க அமைப்பை மறுபடி கணக்கிடும். எல்லாவற்றையும் முதலில் அளந்துவிட்டு, பிறகு ஒன்றாக மாற்றுங்கள். அசைவுகளுக்கு, நகர்த்தும் டிரான்ஸ்ஃபார்மும் ஒளிபுகும் அளவை மாற்றும் ஒப்பாசிட்டியும் போதும். அகலம், உயரம், டாப், லெஃப்ட் இவற்றை அசைக்க வேண்டாம். சோதிக்கும்போது குரோம் டெவ்டூல்ஸில் சிபியு வேகத்தை 4 அல்லது 6 மடங்கு குறைத்துப் பாருங்கள். உங்கள் கணினியில் தெரியாத இழுவை அப்போது தெரியும்.

மூன்றாவது, சேமிப்பு. நீளமாக ஒரு பதில் எழுதி அனுப்பு என்று அழுத்தும்போது, லாகின் காலாவதியாகி எல்லாம் அழிந்துபோவதை இன்னும் பொறுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே வருத்தமாக இருக்கிறது. இதற்குத் தேவை சில பத்து வரி நிரல். எழுதுவது நின்று 500 மில்லிநொடியில் பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில் எழுதுங்கள். பக்கத்துக்கும் ஃபார்முக்கும் தனிச் சாவி (சேமிக்கும் பெயர்) இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரு பதிவுக்கு எழுதிய பதில் இன்னொன்றில் போய் உட்காரும். வரைவை அழிக்க வேண்டியது அனுப்பு அழுத்தியபோது அல்ல, சர்வர் "பெற்றேன்" என்று சொன்ன பிறகு. பலரும் தவறுவது இங்கேதான். போனில் பக்கம் மூடும்போது வரும் பிஃபோர்அன்லோடை நம்ப முடியாது. பக்கம் மறையும்போது வரும் விசிபிலிட்டிசேஞ்ச் நிகழ்வில் கடைசிச் சேமிப்பைச் செய்யுங்கள். இடம் நிறைந்திருந்தாலோ சேமிப்பு தடுக்கப்பட்டிருந்தாலோ எழுதும் வரியே பிழை எறியும், அதை டிரை கேட்ச்சுக்குள் போடுங்கள். சஃபாரியில் 7 நாள் பயன்பாட்டில் பயனர் உங்கள் தளத்தைத் தொடாமலே இருந்தால் இந்தச் சேமிப்பு நீக்கப்படும், ஆகவே நெடுநாள் வரைவுகள் சர்வரில்தான் இருக்க வேண்டும். கடவுச்சொல், கார்டு விவரம் இரண்டையும் ஒருபோதும் இப்படிச் சேமிக்காதீர்கள்.

அமைப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. செலஸ்டில், கேமை எளிதாக்கிக்கொள்ளும் அமைப்பான அசிஸ்ட் மோடில் கேமின் வேகத்தைப் பத்துப் பத்து விழுக்காடாக 50 வரை குறைக்கலாம். குறைத்தவரைக் கேம் கேலி செய்வதில்லை. நமக்கு இதில் பாதி வேலையை இயங்குதளமே செய்து தருகிறது: அசைவைக் குறை என்று பயனர் தன் கருவியில் சொல்லியிருந்தால் மீடியா குவெரி வழியாக அது நமக்குத் தெரியும். கேட்டு நடந்தால் போதும். 2023 அக்டோபரில் வந்த அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூசிஏஜி 2.2, தொடும் இலக்குக்குக் குறைந்தது 24க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல் கேட்கிறது. கட்டைவிரலுக்கு அதுவும் சிறிது, 44 வைத்தால் நிம்மதி. தமிழில் தளம் செய்பவர்களுக்கு ஒன்று: பட்டனின் அகலத்தைப் பிக்சலில் கட்டாதீர்கள், "சமர்ப்பிக்கவும்" உள்ளே அடங்காது. வரி உயரம் 1.2 வைத்தால் மேல்வரியின் கீழ்வளைவும் கீழ்வரியின் மேற்கொக்கியும் முட்டிக்கொள்ளும். 1.6க்குக் குறையாமல் வையுங்கள்.

கடைசியாக இணையச் சமூகங்கள். புள்ளி அதிகம் கெடுப்பது இங்கேதான். பெயருக்கு அருகே பதிவு எண்ணிக்கையைக் காட்டினால் "ஆமாம்", "நன்றி" என்ற ஒற்றை வரிப் பதில்கள் பெருகும். இதைவிட நல்ல முறை ஏற்கெனவே இருக்கிறது. இணைய மன்றங்கள் நடத்த உதவும் டிஸ்கோர்ஸ் மென்பொருளில் 0 முதல் 4 வரை நம்பிக்கை நிலைகள் உண்டு. இயல்பு அமைப்பில் முதல் நிலைக்கு ஏற 5 தலைப்புகளைத் திறந்து, 30 பதிவுகளை வாசித்து, மொத்தம் 10 நிமிடம் வாசிப்பில் செலவிட்டிருந்தால் போதும். பேசியதற்காக அல்ல, வாசித்ததற்காக ஏற்றம். ஏறியதும் கிடைப்பது பதக்கத்தோடு நிற்பதில்லை, புதிதாகச் செய்ய முடிகிற ஒன்று கிடைக்கிறது: கூடுதல் படம், கூடுதல் இணைப்பு, தவறான பதிவைச் சுட்டும் உரிமை. கேமில் புதிய திறன் திறப்பதும் இப்படித்தான். மூன்றாம் நிலையில் தொடர்ந்து வராவிட்டால் அது இறங்கவும் செய்யும். ஸ்பேம் அனுப்புபவர்களுக்கு இந்த 10 நிமிடமே பெரிய தடை. நிர்வாகிகளுக்கு என் பரிந்துரை: தொடக்கத்தில் இயல்பு எண்களை மாற்ற வேண்டாம். குழு மிகச் சிறியதாக இருந்து, வாசிக்கவே 30 பதிவு இல்லாவிட்டால் மட்டும் குறையுங்கள்.

கேம் சமூகங்களிடம் எச்சரிக்கையாகக் கற்க வேண்டியதும் உண்டு. 2015இல் அரட்டைச் செயலியான டிஸ்கார்ட் வந்த பின் அவர்களின் அறிவெல்லாம் அரட்டைக்குள் போய்விட்டது. மோட் (கேமில் ஆட்டக்காரர்கள் செய்து சேர்க்கும் மாற்றம்) ஒன்று ஏன் க்ராஷ் ஆகிறது என்பதற்கான விடை உள்ளே இருக்கும், தேடுபொறிக்குத் தெரியாது, அதே கேள்வி திரும்பத் திரும்ப வரும். அரட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாம் முறை வரும் கேள்விக்கான விடையைத் திறந்த பக்கமாக எழுதி, மூன்றாம் முறை கேட்பவருக்கு இணைப்பைக் கொடுக்கும் வழக்கம் வேண்டும். அந்தப் பக்கங்களை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். ரூன்ஸ்கேப் விக்கி 2018இலும் மைன்கிராஃப்ட் விக்கி 2023இலும் விக்கிகளுக்கு இடம் தரும் ஃபேண்டம் தளத்தை விட்டு வெளியேறின. மறுபயன்பாட்டை அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருந்ததால் எழுதியதை எடுத்துச் செல்ல முடிந்தது. ஆனால் பழைய முகவரியில் பழைய நகல் நின்றுவிடும், ஆண்டுக்கணக்கில் சேர்ந்த இணைப்புகளின் பலமும் தேடல் முடிவுகளும் அதற்கே சாதகம். ஆகவே முதல் பக்கம் எழுதும் முன்பே டொமைன் உங்கள் குழுவின் பெயரில் இருக்கட்டும், நிர்வாகச் சாவி இரண்டு பேரிடமாவது இருக்கட்டும், உரிமத்தை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் போடுங்கள். மாதம் ஒருமுறை முழு ஏற்றுமதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். விக்கி நடத்தும் மென்பொருள் மீடியாவிக்கி என்றால் எக்ஸ்எம்எல் கோப்பில் பக்கங்களும் திருத்த வரலாறும் வரும், படங்கள் வராது. அவற்றைப் பதிவேற்றக் கோப்புறையிலிருந்து தனியாக எடுக்க வேண்டும்.