முள்ளிக்குளத்துக் கரையும் மரைன் பயிற்சியும்

பன்னாட்டுக் கூட்டுக் கடற்படைப் பயிற்சி நடக்கும்போதெல்லாம் எத்தனை நாடுகள் வந்தன, எத்தனை கப்பல்கள் நின்றன என்றே செய்திகள் சொல்கின்றன. தரையிறங்கிப் பழகும் படைகள் தங்கியிருக்கும் நிலம் யாருடையது என்பதை அவற்றில் காண முடிவதில்லை. வன்னியில் இருந்து வாசிக்கும் நான் முதலில் தேடுவது அதைத்தான்.

2015 அக்டோபரில் ஜெனீவாவில், ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில், அமெரிக்கா முன்னின்று கொண்டுவந்து, இலங்கையும் இணை அனுசரணை வழங்கிய 30/1 தீர்மானம், காணிகளை உரிய பொதுமக்களிடம் விரைந்து திருப்பிக் கொடுக்குமாறு கேட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் சமர்செட் என்ற அமெரிக்கக் கப்பல் திருகோணமலைக்கு வந்தது. அதில் வந்த மரைன்கள், அதாவது கடல்வழியே வந்து கரையில் இறங்கும் படையினர், இலங்கைக் கடற்படை புதிதாக உருவாக்கிக்கொண்டிருந்த மரைன் பிரிவினருக்குப் பயிற்சி அளித்தார்கள். அப்பிரிவின் முதல் அணி 2017 பெப்ரவரியில் பயிற்சி முடித்து வெளியேறிய இடம் முள்ளிக்குளம் கடற்படைத் தளம்.

மன்னார் முசலிப் பிரதேசத்தின் அந்தக் கத்தோலிக்கத் தமிழ்க் கிராமத்து மக்கள் 2007இல் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள். போர் முடிந்து திரும்பி வந்தபோது வீடும் வயலும் கடற்படை வேலிக்குள் இருந்ததால், பக்கத்து மலங்காட்டில் கொட்டில் போட்டுக் குடியிருந்தார்கள். மரைன் அணிவகுப்பு நடந்து ஒரு மாதம் ஆவதற்குள், 2017 மார்ச்சில், தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். ஏப்ரல் 29ஆம் திகதி 100 ஏக்கர் விடுவிக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. சொந்தக் காணிக்காக வெயிலிலும் பனியிலும் ஒரு மாதத்துக்கு மேல் குந்தியிருந்த தாய்மாரை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

பயிற்சியே வேண்டாம் என்பது என் கருத்தல்ல. 2004 ஆழிப்பேரலையில் முல்லைத்தீவு இழந்த உயிர்களை அறிந்த எவரும், பாதை அறுந்த கரைக்குக் கடல்வழியே மருந்தும் தண்ணீரும் கொண்டு சேர்க்கும் திறனை அற்பமாக நினைக்க மாட்டார்கள். அனர்த்த நிவாரணம் இந்த மரைன் பயிற்சிகளின் முக்கிய பகுதி. அதை நான் வரவேற்கிறேன்.

ஆனால் பயிற்சி கொடுக்கும் நாட்டுக்குச் சொல்ல ஒன்று உண்டு. அமெரிக்காவின் லேஹி சட்டம், கொலை, சித்திரவதை, காணாமல் ஆக்குதல் போன்ற பாரிய மீறல்களைச் செய்த படைப்பிரிவுகளுக்கு உதவி வழங்குவதைத் தடுக்கிறது. காணி பிடித்தல் அந்தச் சோதனைக்குள் வருவதில்லை. ஜெனீவாவில் கேட்டதைத் திருகோணமலையிலும் கேட்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. அடுத்த கூட்டுப் பயிற்சிக்கான திட்டத்தை மேசையில் விரிக்கும்போது, பயிற்சி பெறும் பிரிவு நிற்கும் தளத்தின் காணி உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்பதையும் அதிகாரிகள் கேட்க வேண்டும். உரியவருக்கு அது திரும்பும் நாளை எழுத்தில் வாங்கிய பிறகே கப்பலை அனுப்ப வேண்டும்.