ஃபைனல் இயர் ப்ராஜெக்டை அலமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள்

சேலத்தைச் சுற்றி இத்தனை பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் இருக்கின்றன. வருடா வருடம் இறுதியாண்டுப் பிள்ளைகள் செய்கிற ப்ராஜெக்டுகள் எல்லாம் கடைசியில் எங்கே போகின்றன? படித்தவர்களுக்குப் பதில் தெரியும். தங்க எழுத்து அச்சடித்த பைண்டிங் புத்தகம் துறை நூலகத்து அலமாரிக்குப் போகும். செய்த மெஷின் லேபுக்குப் பின்னால் இரண்டு மழை நனைந்துவிட்டுக் காயலான் கடைக்குப் போகும். பின் அட்டையில் ஒரு சிடி ஒட்டியிருக்கும். அதைப் போட்டுப் பார்க்க இன்றைய லேப்டாப்பில் டிரைவே கிடையாது.

இதையெல்லாம் இணையத்தில், யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்து எடுத்துப் பயன்படுத்தும்படி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. ரிப்போர்ட் மட்டும் போதாது. ட்ராயிங், கம்ப்யூட்டரில் வரைந்த மூல ஃபைல், சர்க்யூட், புரோகிராம், வாங்கிய சாமான்களின் பட்டியல், எல்லாவற்றுக்கும் மேலாக எது வேலை செய்யவில்லை என்கிற விவரம், இத்தனையும் வேண்டும்.

நான் பேராசிரியர் கிடையாது. டிப்ளமோ முடித்துவிட்டு ஃபேப்ரிகேஷன் ஷெட் வைத்திருப்பவன். பிப்ரவரி பிறந்தால் எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் ப்ராஜெக்ட் சீசன்தான். "அண்ணா, ரிவ்யூ இருக்கு, வியாழக்கிழமைக்குள்ள முடிச்சுத் தரணும்" என்று கும்பலாக வந்து நிற்பார்கள். கையில் ஒரு ட்ராயிங் இருக்கும். ஷாஃப்ட் 22 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பார்கள். தம்பி, ஷாஃப்டைத் தாங்கக் கடையில் போய் 6204 பேரிங் கேட்டால் உள்விட்டம் 20 இருக்கும், 6205 கேட்டால் 25 இருக்கும், 22-க்கு எங்கே போவாய் என்று கேட்டால் விழிப்பார்கள். அடுத்த வருடம் வேறு முகங்கள், அதே 22. அவர்கள் மேல் தப்பில்லை. முந்தின பேட்சுக்கு என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

மிளகு கதையைச் சொன்னால் புரியும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பறித்த சரத்திலிருந்து மணியை உதிர்ப்பது சின்னத் தோட்டக்காரருக்குப் பெரிய வேலை. காலால் மிதிப்பார்கள், குச்சியால் அடிப்பார்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு குழு இதற்கு மெஷின் செய்ய வந்தது. சுற்றுகிற டிரம், அதன் மேல் இரும்புப் பட்டைகள், கீழே அரைவட்டமாகக் கம்பிச் சல்லடை, ஒரு சின்ன மோட்டார். முதல் ஓட்டத்திலேயே மணி உதிர்ந்தது. கூடவே நிறைய மணிகளின் தோலும் உரிந்தது. தோல் போன மிளகு காய்ந்தாலும் கருப்பாகச் சுருங்காது, கருமிளகு விலைக்குப் போகாது. புல்லியை மாற்றி வேகத்தைக் குறைத்தோம். டிரம்முக்கும் சல்லடைக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டினோம். கடைசியில் பட்டைகளின் மேல் பழைய லாரி டியூபை வெட்டிச் சுற்றியதும்தான் மணி அடிபடாமல் வந்தது.

இது நடந்தது வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்கு முந்தின வாரம். ரிப்போர்ட் அதற்கு முன்பே பைண்டிங்குக்குப் போய்விட்டது. அந்தப் புத்தகத்தில் இன்றைக்கும் இரும்புப் பட்டை போட்ட டிரம்தான் இருக்கிறது.

அப்புறம் வேறொரு கல்லூரியிலிருந்து வேறொரு குழு வந்தது. அதே டிரம், அதே பட்டை. "இது புதுசுண்ணா, யாருமே செஞ்சதில்லை" என்றார்கள். என்னிடம் வந்ததால் ரப்பர் விஷயத்தைச் சொன்னேன். பக்கத்து ஷெட்டுக்குப் போயிருந்தால் தோல் உரிவதிலிருந்தே ஆரம்பித்திருப்பார்கள். படிக்கிற வயதில் திரும்பச் செய்தால் என்ன, அனுபவம்தானே என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். செய்யட்டும். ஆனால் ரப்பர் சுற்றிய டிரம்மிலிருந்து தொடங்கியிருந்தால் அந்த இரண்டாவது குழு மணிக்கு எத்தனை கிலோ உதிர்கிறது, மலை மேல் மின் அழுத்தம் குறையும்போது மோட்டார் இழுக்கிறதா, ரப்பர் எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்த்திருக்கும். மூன்றாவது குழு விலையைக் குறைத்திருக்கும். நான்காவது பேட்ச் வரும்போது தோட்டக்காரர் காசு கொடுத்து வாங்குகிற மெஷினாக அது ஆகியிருக்கும்.

மலைப்பாதை எச்சரிக்கைக் கருவி என்று இன்னொன்று உண்டு. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இதுவரை மாணவர்கள் செய்த எச்சரிக்கைக் கருவிகளை ஆளுக்கொரு வளைவில் பொருத்தினால் வளைவு போதாது. தெர்மாகோலில் ஒரு மலை, இரண்டு பொம்மைக் கார், அர்டுயினோ என்கிற புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன எலக்ட்ரானிக் போர்டு, வளைவின் இரண்டு பக்கமும் ஒலி அலையால் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார். எதிரில் வண்டி வந்தால் சிவப்பு விளக்கு எரியும். மேசை மேல் அழகாக வேலை செய்யும், மார்க்கும் விழும். எல்லோரும் வாங்குவது எச்.சி.எஸ்.ஆர். 04 என்ற மலிவான சென்சார்தான். அதன் எல்லை அதிகபட்சம் 4 மீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டரில் வருகிற பஸ் ஒரு விநாடியில் 8 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். சென்சார் பஸ்ஸைப் பார்த்து அரை விநாடிக்குள் பஸ் சென்சாரையே தாண்டிவிடும். எதிரே வருகிறவர் விளக்கைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க நேரம் எங்கே? குரங்கு உட்கார்ந்தாலும் விளக்கு எரியும் என்பது தனிக் கதை.

முதலில் செய்த குழு "4 மீட்டர் போதவில்லை, சாலைக்கு அடியில் வண்டியை உணரும் கம்பி லூப் புதைத்துப் பார்க்க வேண்டும், அல்லது ரேடார் சென்சார் வேண்டும்" என்று ஒரே ஒரு பத்தி எழுதிப் பொதுவில் வைத்திருந்தால் பின்னால் வந்த தெர்மாகோல் மலைகள் பாதிக்கு மேல் தேவைப்பட்டிருக்காது. ஆனால் தோல்வியை எழுதினால் மார்க் குறையும் என்று பிள்ளைகளுக்குப் பயம். அந்தப் பயத்தைக் கொடுத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பொதுவில் வைத்தால் காப்பி அடிப்பார்கள் என்பதுதான் எப்போதும் முதலில் வரும் மறுப்பு. இப்போது அடிக்காமலா இருக்கிறார்கள்? தலைப்பு, ரிப்போர்ட், கிட், பிபிடி, வைவாவில் கேட்கக்கூடிய கேள்விக்குப் பதில் என்று முழு பேக்கேஜாக விற்கிற ப்ராஜெக்ட் சென்டர்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. ஒரே ப்ராஜெக்டை நாலு கல்லூரிக்கு விற்க முடிவது ஏன்? ஒரு கல்லூரி அலமாரியில் இருப்பது இன்னொரு கல்லூரிக்குத் தெரியாது. அந்த இருட்டுதான் அவர்கள் முதலீடு. எல்லாம் பொதுவில் இருந்தால், தேர்வாளர் தலைப்பைத் தட்டிப் பார்த்த உடனே குட்டு வெளியே வந்துவிடும்.

கேட்கிற கேள்வியும் அப்போது மாறியாக வேண்டும். "என்ன செய்தாய்" என்று கேட்டால் வாங்கி வந்ததைக் காட்டலாம். "முன்னால் இருந்ததில் எதை மாற்றினாய், மாற்றியதால் என்ன ஆனது" என்று கேட்டால் கையில் கரி பட்டவன் மட்டும்தான் பதில் சொல்வான். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் எட்டாம் செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு 10 கிரெடிட். அவ்வளவு எடை கொடுத்துவிட்டு, அதில் வந்த சரக்கைப் பூட்டி வைப்பது என்ன கணக்கோ.

பேட்டன்ட், அதாவது கண்டுபிடிப்புக்கான காப்புரிமை, போய்விடும் என்கிற மறுப்பில் நியாயம் உண்டு, அதைத் தள்ளிவிடக் கூடாது. இந்தியச் சட்டப்படி, விண்ணப்பம் போடுவதற்கு முன்பே ஒரு கண்டுபிடிப்பைப் பொதுவில் வெளியிட்டுவிட்டால் பொதுவாக அதன் புதுமை போய்விடும். பேட்டன்ட் எடுக்கிற அளவுக்கு நிஜமாகவே ஏதாவது கைவந்திருந்தால் முதலில் தற்காலிக விவரக்குறிப்போடு ஒரு விண்ணப்பம் போட்டுவிட வேண்டும். முழு விவரத்தைக் கொடுக்க 12 மாதம் நேரம் கிடைக்கும். போட்ட பிறகு வெளியிடலாம். கம்பெனிக்குள் போய்ச் செய்த ப்ராஜெக்ட் என்றால் கம்பெனி சம்மதம் வேண்டும். சரி, இந்த இரண்டையும் ஒதுக்கி வையுங்கள். என் ஷெட்டுக்கு வருகிற மற்ற ப்ராஜெக்டுகளில் பேட்டன்ட் பற்றி யோசிக்க வேண்டியது மிகக் குறைவு. அதைச் சொல்லி மீதி அத்தனையையும் மூடி வைப்பது சோம்பல்.

பிள்ளைகள் வாங்கிக் குவிக்கிறார்களே அந்த அர்டுயினோ, அதுவே ஒரு மாணவன் பொதுவில் வைத்த ப்ராஜெக்டிலிருந்து முளைத்ததுதான். எர்னாண்டோ பர்ரகான் என்ற கொலம்பியா நாட்டு மாணவர் இத்தாலியின் இவ்ரேயா ஊரில் முதுகலை படித்தபோது, 2003-ல் வயரிங் என்ற ஒன்றைத் தன் ஆய்வு ப்ராஜெக்டாகத் தொடங்கினார். எலக்ட்ரானிக்ஸ் தெரியாத கலைஞர்களும் டிசைனர்களும் சுலபமாகப் புரோகிராம் எழுத ஒரு போர்டும் மென்பொருளும் என்பதுதான் யோசனை. அது திறந்த முறையில் இருந்ததால், அதே இடத்தில் 2005-ல் வேறொரு குழு அதை எடுத்து இன்னும் மலிவாக்கி அர்டுயினோ என்று கொண்டுவந்தது. பர்ரகானின் வழிகாட்டிகளில் ஒருவரான மாசிமோ பான்ஸி அந்தக் குழுவில் இருந்தார், பர்ரகான் இல்லை. தன் பங்கு சரியாகச் சொல்லப்படவில்லை என்று பின்னாளில் அவரே விரிவாக எழுதினார். எனக்கு இதில் இரண்டு விஷயம் படுகிறது. திறந்து வைத்ததால் ஒரு தீசிஸ் உலகம் முழுக்கப் போனது. யார் எதைச் செய்தார் என்று தேதியோடு பொதுவில் இருந்ததால்தான் அவரால் தன் பங்கை எடுத்துக் காட்டவும் முடிந்தது. அலமாரியில் பூட்டியிருந்தால் இரண்டுமே இல்லை.

அதனால் பெயர் விஷயத்தில் நான் கறார். மாணவர்கள் பெயர், கைடு பெயர், அதோடு வேலை செய்து கொடுத்த டர்னர், வெல்டர் பெயரும் வர வேண்டும். லாரி டியூப் யோசனையைச் சொன்னது என் ஷெட்டில் வெல்டிங் பார்க்கும் அண்ணன். நன்றியுரையில் கல்லூரித் தாளாளரிலிருந்து அலுவலக உதவியாளர் வரைக்கும் எல்லோரும் இருப்பார்கள், இவர் மட்டும் இருக்க மாட்டார்.

எப்படி வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். பிடிஎஃப் மட்டும் போட்டால் படம் பார்க்கலாம், திருத்த முடியாது. எஸ்.டி.எல். ஃபைல் த்ரீடி பிரின்டருக்குச் சரி, ஆனால் அதில் வெறும் முக்கோணங்கள்தான் இருக்கும், ஓட்டையின் விட்டத்தை மாற்றுவதற்குள் உயிர் போய்விடும். மூல ஃபைலையும், பெரும்பாலான டிசைன் மென்பொருள்களில் திறக்கிற ஸ்டெப் ஃபைலையும் சேர்த்து வையுங்கள். உரிமம் எழுதாமல் விட்டால் சட்டப்படி எல்லா உரிமையும் வரைந்தவருக்கே, எடுத்துச் செய்கிறவனுக்கு அனுமதி இல்லை என்று அர்த்தம். வன்பொருளுக்கென்றே ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகம் எழுதிய திறந்த உரிமம் இருக்கிறது, அதைப் போட்டால் போதும்.

இதற்கென்று கல்லூரி சர்வர் வாங்க வேண்டாம். அதே செர்ன் 2013-லிருந்து ஸெனோடோ என்ற களஞ்சியத்தை இலவசமாக நடத்துகிறது. ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இடம், நிரந்தர அடையாள எண், அடுத்த பேட்ச் திருத்தினால் புதிய பதிப்பாகச் சேர்க்கும் வசதி, எல்லாம் உண்டு. முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சோத்கங்கா என்ற தேசிய இணையக் களஞ்சியத்தில் ஏற்றுகிற பழக்கம் நம் பல்கலைக்கழகங்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. பி.இ. மாணவனின் மெஷினுக்கு மட்டும் ஏன் அலமாரி?

இதில் சேலத்துக்கென்று ஒரு தேவையும் இருக்கிறது. ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரி, இளம்பிள்ளை விசைத்தறி, செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறை, ஏற்காட்டுச் சின்னத் தோட்டம், இவற்றில் எதற்கும் தனியாக ஆராய்ச்சிப் பிரிவு கிடையாது. பெரிய கம்பெனிகளுக்கு இந்தச் சின்னச் சந்தையில் ஆர்வமும் குறைவு. மரவள்ளிக் கிழங்குத் தோல் சீவ, பாவு நூல் அறுந்தால் தறியை நிறுத்த, கொலுசுக்குப் பாலிஷ் போட என்று ஏதாவது யோசிக்கிறவர்கள் இந்தக் கல்லூரிப் பிள்ளைகள்தான். ஆகவே ஒவ்வொரு ப்ராஜெக்டோடும் தமிழில் இரண்டு பக்கமும் மெஷின் ஓடுகிற வீடியோவும் இருக்கட்டும். அறுபது பக்க ஆங்கில ரிப்போர்ட்டை எந்தச் சேகோக்காரர் படிப்பார்? அதில் முதல் இருபது பக்கம் வேறெங்கிருந்தோ எடுத்து ஒட்டியது என்பது வேறு விஷயம்.

கல்லூரிகள் முடிவெடுக்கட்டும், அதுவரை நான் காத்திருக்கப் போவதில்லை. வருகிற சீசனில் என் ஷெட்டுக்கு வருகிற குழு, வேலை முடிந்தபின் திருத்திய ட்ராயிங்கையும் எது சொதப்பியது என்ற ஒரு பக்கத்தையும் பொதுவில் ஏற்றி எனக்கு லிங்க் அனுப்பினால், லேத் கூலியிலும் வெல்டிங் கூலியிலும் கால் பங்கு குறைத்துக்கொள்கிறேன். மெட்டீரியல் காசு குறையாது, அதை இரும்புக் கடைக்காரரிடம் பேசிக்கொள்ளுங்கள்.