ஜனவரிச் சம்பளம் குறைந்தால் வரியைத் திட்டாதீர்கள்

கனடாவில் ஒவ்வொரு ஜனவரியும் இதே புலம்பல்தான்: "வரியைக் கூட்டிப்போட்டாங்கள்." 2026இல் சம்பளத்தில் கழியும் சி.பி.பி (கனடா ஓய்வூதியத் திட்டம்) வீதம் 5.95 சதவீதம். 2023இலிருந்து அதேதான். ஈ.ஐ (வேலையிழப்புக் காப்புறுதி) வீதம் 1.64இலிருந்து 1.63ஆக இறங்கியிருக்கிறது. ஏறியது, இவை கழிக்கப்படும் வருட வருமானத்தின் உச்சவரம்பு: சி.பி.பிக்கு 71,300 டொலரிலிருந்து 74,600, ஈ.ஐக்கு 65,700இலிருந்து 68,900. பழைய வரம்புகளுக்குள் உழைப்பவருக்கு இந்த ஏற்றத்தால் ஒரு சதமும் கூடுதலாகக் கழியாது.

பிறகு ஏன் கையில் வருவது குறைகிறது? வருடம் 130,000 டொலர், இரண்டு கிழமைக்கொரு சம்பளம் என்று வையுங்கள். ஒவ்வொரு 5,000 டொலரிலும் சி.பி.பி 289.49, ஈ.ஐ 81.50 கழியும். 14ஆவது சம்பளத்தோடு ஈ.ஐ முடிந்துவிடும். 15ஆவதில் சி.பி.பி 4,230.45 என்ற உச்சத்தைத் தொடும். அதற்குமேல் 85,000 டொலர் வரை 4 சதவீத இரண்டாம் சி.பி.பி, ஆகக்கூடியது 416 டொலர். அதுவும் 17ஆவதோடு சரி. 18ஆவதிலிருந்து வருடக் கடைசிவரை கையில் கூடுதலாக வருவதைச் சம்பள உயர்வுபோலச் செலவழித்துப் பழகிவிடுகிறோம். ஜனவரியில் கணக்கு பூச்சியத்திலிருந்து தொடங்கும்.

டிசம்பரில் செய்த வேலைக்குக் காசு ஜனவரியில் வந்தால் புதிய வருடத்து வீதம்தான். கணக்கில் எடுப்பது வேலை செய்த நாளை அல்ல, சம்பளம் கொடுத்த நாளை. சிறு கடை நடத்துபவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் இது.

ஆகக் குறைந்த பெடரல் வரிவீதம் இந்த வருடம் முழுவதற்கும் 14 சதவீதம். ஆனால் எல்லோருக்கும் வரியில்லாமல் விடப்படும் அடிப்படை விலக்கான 16,452 டொலரின் வரிச்சலுகையும் அதே 14இல்தான் கணக்காகும்: 2,303 டொலர். 2025இல் விலக்கு 16,129, சராசரி வீதம் 14.5, சலுகை 2,339. ஒரு கையால் கொடுத்ததில் கொஞ்சத்தை மறுகையால் எடுத்திருக்கிறார்கள். விளம்பரத்தில் இது வராது.

இடையில் வேலை மாறினால் புதிய இடத்தில் மறுபடி முதலிலிருந்து வெட்டுவார்கள். அதுதான் சட்டம், சண்டை பிடித்துப் பலனில்லை. மிகையாகக் கழிந்தது வரித் தாக்கல் படிவத்தின் 44800, 45000 இலக்க வரிசைகளில் திரும்பி வரும். முதலாளி கட்டிய பங்கு மட்டும் அவருக்குத் திரும்பாது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

இரண்டு வேலை செய்பவர்கள், எவ்வளவு வரி கழிப்பது என்று முதலாளி பார்க்க நிரப்பிக் கொடுக்கும் ரி.டி.1 படிவத்தைக் கவனியுங்கள். இரண்டு இடத்திலும் 16,452 என்று எழுதினால், இரண்டாவது வேலையிலும் அவ்வளவுக்கு மேல் உழைக்கும்போது ஏப்ரலில் பெடரல் வரி மட்டுமே 2,300 டொலருக்குக் குறையாமல் கட்ட வேண்டிவரும். இரண்டாம் பக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முதலாளிகள் இருப்பதைக் குறிக்கும் பெட்டியில் அடையாளமிட்டு, 13ஆவது வரிசையில் பூச்சியம் போடுங்கள். மாகாணப் படிவத்திலும் அப்படியே.