'வாக்கிங் டிஸ்டன்ஸ்' என்றால் யார் நடந்து பார்த்தது?

பெங்களூரில் வாடகை வீடு தேடுகிறவர்களே, விளம்பரத்தில் 'மெட்ரோ வாக்கிங் டிஸ்டன்ஸ்' என்று இருந்தால் விழுந்தடித்துக்கொண்டு ஓடாதீர்கள்.

2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு - பொம்மசந்திரா மெட்ரோ மஞ்சள் தடத்தைத் திறந்தாலும் திறந்தார்கள், ஓசூர் ரோட்டின் இருபுறமும் உள்ள வீடெல்லாம் ஒரே ராத்திரியில் வாக்கிங் டிஸ்டன்ஸுக்கு வந்துவிட்டன! கூட்லு கேட் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனேன். "அஞ்சே நிமிஷம்ணா" என்றார் புரோக்கர். நம்ம தர்மபுரிக்காரர்தான். சொல்லிக்கொண்டே பைக்கை ஸ்டார்ட் செய்து, "உக்காருங்க" என்றார். அந்த அஞ்சு நிமிஷம் எதில் போகும் கணக்கு என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

வீட்டுக்கார அம்மா அதற்கு மேல். "மெட்ரோ பக்கத்துலயே இருக்குல்ல, அதான் மூவாயிரம் ஜாஸ்தி."

திரும்பும்போது வேண்டுமென்றே நடந்தேன். மேப்பில் நேர்கோடு போட்டால் பக்கம்தான். மனுஷன் என்ன காக்காயா? குறுக்கே ஒரு லேஅவுட், அதன் கேட்டில் பூட்டு. சுற்றிக்கொண்டு வந்தால் சாக்கடை மேல் போட்ட கல் பலகைகள் ஆடுகின்றன. ஒரு பலகையைக் காணோம். அந்தக் குழியில் யாரோ தென்னை மட்டையைச் செருகி வைத்திருக்கிறார்கள், புண்ணியவான். அப்புறம் நடைபாதையை அடைத்துக்கொண்டு ஒரு டிரான்ஸ்ஃபார்மர். அதைத் தாண்டினால் நடைபாதையிலேயே ஹாரன் அடித்துக்கொண்டு எதிரே வருகிறது ஸ்கூட்டர். நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலத்துக்குத் தடையே இருக்கக் கூடாது என்கிறது, சாலைகளுக்கு அளவு வகுக்கிற அமைப்பான இந்திய சாலை காங்கிரஸின் வழிகாட்டுதல். இங்கே குடை விரிக்க இடமில்லை.

இந்த 'வாக்கிங் டிஸ்டன்ஸ்' என்பதற்கு அளவே கிடையாதா என்றால், இருக்கிறது. மெட்ரோ நிலையங்களைச் சுற்றி நகரத்தை வளர்ப்பது பற்றி 2017-ல் மத்திய அரசு போட்ட கொள்கை, 500 முதல் 800 மீட்டரைத்தான் நடக்கிற தூரம் என்று எடுத்துக்கொள்கிறது. சாதாரண நடையில் பத்து நிமிஷம். நான் நடந்தது அதில் ஒன்றரை மடங்குக்கு மேல்.

சரி, ஆட்டோவில் போகலாமே என்பார்கள். மீட்டர்படி முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், மீட்டர் போடுகிற ஆட்டோ கிடைத்தால். போக வர ஆட்டோவுக்கும் அழ வேண்டும், பக்கத்தில் இருப்பதற்கென்று மூவாயிரமும் கூடக் கொடுக்க வேண்டுமா?

நிலையத்தின் எந்த வாசலில் இருந்து, எந்தத் தெரு வழியாக, எத்தனை மீட்டர் என்று விளம்பரத்தில் போடுங்கள். பைக்கில் அஞ்சு நிமிஷம் என்றால் அப்படியே எழுதுங்கள். பைக் இருப்பவன் வந்து பார்த்துக்கொள்வான்.