ஒடாகு என்றால் ‘தங்கள் இல்லம்’

அக்கா மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் பெயருக்குக் கீழே ‘ஒடாகு’ என்று ஒரே ஒரு ஜப்பானியச் சொல் இருந்தது. போன மாதம் ஒரு வீட்டு விசேஷத்தில் உறவுக்காரர் ஒருவர் அதன் அர்த்தத்தைப் போனில் தேடிப் பிடித்து, “வீட்டை விட்டு வெளிய வராம பொம்மைப் படம் பாத்துட்டு, மனுஷங்களோட பழகத் தெரியாதவங்களாமே” என்று பந்தியில் எல்லோர் முன்னாலும் வாசித்துக் காட்டினார். அன்று இரவே அவள் அந்தச் சொல்லை எடுத்துவிட்டாள்.

எனக்கு 38 வயது. கல்லூரி விடுதியில் தோழி ஒருத்தி பென்டிரைவில் போட்டுக் கொடுத்த நாளிலிருந்து 20 வருடமாக அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள், பார்க்கிறேன். நானும் ஒடாகுதான், தீவிர ரசிகை. இதை முதலில் அவளுக்காகவும், அப்புறம் அந்தப் பந்தியில் சிரித்தவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

ஜப்பானிய மொழியில் ‘டாகு’ என்றால் வீடு. முன்னால் இருக்கும் ‘ஒ’ மரியாதைக்குச் சேர்ப்பது. ஆக, ஒடாகு என்றால் ‘தங்கள் இல்லம்’. “வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்று ஒருவர் சொன்னால், மனைவியையோ கணவரையோதான் சொல்கிறார் என்று நமக்குப் புரிகிறதல்லவா? அங்கேயும் அப்படித்தான் வீட்டுக்கான சொல் ஆளைக் குறிக்க ஆரம்பித்தது. அதிகம் பழகாத ஒருவரைத் ‘தாங்கள்’ என்று அழைக்க அது ஒரு வழி.

1980களின் தொடக்கத்தில் அனிமே, மங்கா (ஜப்பானியப் படக்கதை) ரசிகர்கள் ஒருவரை ஒருவர் அப்படி அழைத்துக்கொண்டார்கள். அப்போதுதான் சந்திக்கிறோம், பெயர் தெரியாது, வயது தெரியாது. ‘நீ’ என்றால் உரிமை எடுத்துக்கொள்வது போல ஆகிவிடும். புது ஆளிடம் நீயா நீங்களா என்று நாமும் ஒரு நொடி தடுமாறுகிறோம். எனக்கு அந்த அழைப்பில் கூச்சமும் மரியாதையும்தான் தெரிகின்றன.

அவர்கள் சந்தித்த இடங்களில் முக்கியமானது கொமிகெட். ரசிகர்கள் தாங்களே வரைந்து அச்சடித்த புத்தகங்களைத் தாங்களே மேசை போட்டு விற்கும் சந்தை. முதல் சந்தை 1975 டிசம்பர் 21 அன்று டோக்கியோவில் நடந்தது. 32 குழுக்கள் கலந்துகொண்டன, சுமார் 700 பேர் வந்தார்கள். இன்று அது வருடத்துக்கு இரண்டு முறை நடக்கிறது, லட்சக்கணக்கில் கூட்டம் வருகிறது. நான் சொல்ல வந்தது எண்ணிக்கை அல்ல. அந்த முதல் 700 பேரில் பெரும்பாலோர் பள்ளிக்கூடப் பெண்கள்! பெண்களுக்கான மங்காவை உயிராக நேசித்தவர்கள். ஒடாகு என்றதும் மூக்குக் கண்ணாடி போட்ட ஓர் ஆண் உருவம் எல்லோர் மனதிலும் வருகிறது. அந்த மண்டபத்தை முதலில் நிரப்பியவர்கள் என் அக்கா மகளின் வயதுப் பெண்கள். இதை முதன்முதலில் படித்தபோது என் சொந்தப் பாட்டியைப் பற்றித் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டது போல இருந்தது.

அப்புறம் 1983. நகாமொரி அகியோ என்ற எழுத்தாளர் ‘மங்கா புரிக்கோ’ என்ற பத்திரிகையில் இவர்களைப் பற்றி ஒரு தொடர் எழுதினார். விளையாட்டில் தேறாதவர்கள், இடைவேளையில்கூட வகுப்பறையை விட்டு வெளியே வராதவர்கள், உடுத்தத் தெரியாதவர்கள் என்று தோற்றத்தைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்து, கடைசியில் இவர்களுக்கு ஒடாகு என்று பெயர் வைத்தார். அவர்கள் ஒருவருக்கொருவர் மரியாதையாகச் சொன்ன அதே சொல். பத்திரிகையின் ஆசிரியர் ஓட்சுகா எய்ஜிக்கு அந்தத் தொடர் பிடிக்கவில்லை, சில இதழ்களிலேயே நின்றது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. ‘தாங்கள்’ என்ற சொல்லைப் பிடுங்கி ‘அதுகள்’ ஆக்கியாயிற்று.

அது ஒரு சின்னப் பத்திரிகையோடு போயிருக்கும். 1989-ல்தான் நாடு முழுக்கப் பரவியது. 1988க்கும் 1989க்கும் இடையில் டோக்கியோவிலும் பக்கத்திலுள்ள சைதாமாவிலும் நான்கு சிறுமிகளைக் கொன்றவன் பிடிபட்டான். அவன் அறையில் 5,763 வீடியோ நாடாக்கள் இருந்தன. தொலைக்காட்சிகள் அந்த அறையைத் திரும்பத் திரும்பக் காட்டின, கூடவே ஒடாகு என்ற சொல்லையும் சொல்லின. அதுவரை அந்தச் சொல்லைக் கேட்டிராத வீடுகளுக்கு அது முதன்முதலாகப் போய்ச் சேர்ந்தது ஒரு கொலைகாரனின் அறையோடுதான்.

நான்கு குழந்தைகளின் உயிருக்கு முன்னால் ரசிகர்களின் பெயர் கெட்டது ஒரு பொருட்டே அல்ல. அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் அலமாரியைப் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கம் அங்கிருந்து ஆழமாக வேர்விட்டது. அறையில் புத்தகமும் நாடாவும் அடுக்கி வைத்திருந்த எத்தனையோ பிள்ளைகளின் பெற்றோர் அந்த வாரம் கதவைத் திறந்து பார்த்துப் பயந்திருப்பார்கள். தன் ஆசையை வெளியில் காட்டாமல் வாழ்பவருக்கு ஜப்பானில் ஒரு பெயரே இருக்கிறது: ‘ககுரே ஒடாகு’, ஒளிந்திருக்கும் ஒடாகு. என் அக்கா மகள் அன்று இரவு செய்ததும் அதுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நகாமொரியின் தொடர் வந்த அந்தப் பத்திரிகையே சிறுமிகளைப் பாலியல் கண்ணோடு வரைந்த மங்காக்களைப் போட்ட பத்திரிகை. அந்த வகை இன்றும் இருக்கிறது. சிறார் ஆபாசப் படங்களை வைத்திருப்பதே குற்றம் என்று 2014-ல் ஜப்பான் சட்டத்தைத் திருத்தியபோது மங்காவையும் அனிமேயையும் அதில் சேர்க்கவில்லை. “வெறும் கோடுதானே, யாருக்கு என்ன நஷ்டம்” என்று வாதிடும் ரசிகர்களை எனக்குத் தெரியும். நான் அந்தப் பக்கம் இல்லை. அதைப் பிடிக்கவில்லை என்று சொல்வதற்கு நான் ஒடாகுவாக இல்லாமல் போக வேண்டியதும் இல்லை. உள்ளே இருப்பவர்கள்தான் இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பழகத் தெரியாதவர்கள் என்று எங்களைப் பழிப்பது அநியாயம். சிறுமிகளை அப்படி வரையலாமா என்ற கேள்வி அநியாயமானது அல்ல. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பிறகு காலம் மாறியது. கைனாக்ஸ் என்ற அனிமே நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஒகாடா டோஷியோ 1990களில் டோக்கியோ பல்கலைக்கழகத்திலேயே ஒடாகு பண்பாடு பற்றிப் பாடம் எடுத்தார். மங்கா பிரியர் என்று பெயரெடுத்த அசோ டாரோ 2008-ல் பிரதமரானார். எனக்கு இதில் முழு மகிழ்ச்சி வரவில்லை. அனிமே வெளிநாடுகளில் பணம் கொட்டத் தொடங்கிய பிறகு வந்த மரியாதையில் பாதி அந்தப் பணத்துக்கானது.

நான் மதிக்கும் மாற்றம் வேறு. 2019 ஜூலை 18 அன்று கியோட்டோ அனிமேஷன் ஸ்டுடியோவுக்கு ஒருவன் தீ வைத்தான். 36 பேர் இறந்தார்கள். பலர் இளம் ஓவியர்கள். உலகெங்கிலும் இருந்து ரசிகர்கள் அனுப்பிய உதவி 300 கோடி யென்னைத் தாண்டியது. எரிந்த கட்டடத்துக்கு அருகே பூங்கொத்துகள் குவிந்தன. ஒரு காட்சியில் காற்றில் அசையும் தலைமுடியை யார் வரைந்தார் என்று பெயர் சொல்லி அழுத மனிதர்கள் அவர்கள். மனுஷங்களோட பழகத் தெரியாதவர்கள் என்று எங்களைச் சொன்னவருக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான்.

ஜப்பானில் இந்தச் சொல் அனிமேக்கு மட்டுமானதும் இல்லை. ரயில் ஒடாகு இருக்கிறார்கள். அதிலும் படம் எடுப்பவர்களுக்கு ஒரு பெயர், பயணம் செய்வதற்காகவே பயணம் செய்பவர்களுக்கு வேறு பெயர். பந்தியில் வாசித்த அந்த உறவுக்காரர் 1983 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை விக்கெட் விக்கெட்டாகச் சொல்வார். சின்ன வயதில் நான் வாயைப் பிளந்து கேட்டிருக்கிறேன். அதுவும் இதே அன்புதான். அதற்கு யாரும் பட்டப்பெயர் வைக்கவில்லை.

நேற்று அவள் போன் செய்தாள். ‘தங்கள் இல்லம்’ கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், “சித்தி, அப்போ பேரு தெரியாத ரெண்டு பேரு, ‘உங்க வீட்டுக்கு எந்தத் தொடர் பிடிக்கும்’னுதான் பேச ஆரம்பிச்சாங்களா?” என்றாள். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன்.

சொல்லைத் திரும்பப் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. இன்னும் அவள் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறாள். நாங்கள் பாதியில் விட்ட தொடரில் நான்கு அத்தியாயங்கள் பாக்கி இருக்கின்றன.